மயக்க ஊசிக்கு முன் ஒரு பொரிச்ச பரோட்டா

கொலை ஆயுதம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. பொரிச்ச பரோட்டா சுற்றிய வாழை இலை, சால்னாக் கறையோடு. கத்தி, துப்பாக்கி, விஷப் புட்டி என்று ஏதேதோ எதிர்பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். எனக்கு வாய்ப்பதெல்லாம் இப்படித்தான் வாய்க்கிறது.

"இத மோந்து பாரு ராஜா," என்றார் ஜீவமணி அக்கா.

"அக்கா, நான் உதவியாளர். மோப்பத்துக்கு ஒரு நாய வாங்கிப் போடுங்க."

"நாய்க்குச் சோறு போடணும். நீ வீட்லயே தின்னுட்டு வந்துருத."

ஜீவமணி அக்கா நாசரேத்துக்காரர். துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். மூடிய கண்டெய்னரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்போது தூத்துக்குடியில் ஒரு மக்ரூன் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். கீழே முந்திரியும் சர்க்கரையும் வேகும் வாசனையில், கேஸ் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஆளுக்கொரு பாக்கெட் வாங்கிக்கொண்டு மாடி ஏறாமலே திரும்பிவிடுவார்கள். நான் இசக்கிராஜா. பட்டம் வாங்கியது வணிகவியலில், வாங்கிக் கட்டிக்கொள்வது அக்காவிடம்.

இன்று அந்தப் பிளாஸ்டிக் பையோடு மாடி ஏறி வந்திருந்தவள் திரேஸ்புரத்து அனிஷா. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அவள் அப்பா டெரன்ஸ், கடலுக்கடியில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர்.

"அப்பாவுக்குப் பித்தப்பையில கல்லு," என்றாள். "ஒரு தடவ கல்லு நகந்து மஞ்சக்காமாலையாகி, பொழச்சதே பெருசு. இன்னொரு தடவ நகந்தா உசுருக்கு உத்தரவாதம் இல்லன்னு சொல்லிட்டாவ. ரெண்டு தடவ ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு. ரெண்டு தடவையும் காலைல அப்பாவுக்கு யாரோ சாப்பிடக் குடுத்துருக்காவ. ரெண்டு தடவையும் ஆபரேஷன் நின்னு போச்சு."

"எங்க ஊர்ப்பக்கம் சாப்பாடு குடுத்தா அதுக்குப் பேரு புண்ணியம்," என்றேன்.

அனிஷா என்னை முறைத்த முறைப்பில் கீழே மக்ரூன் கருகியிருக்கும்.

"முழு மயக்கம் குடுக்கப் போறாவ. வயித்துல எதுவும் இருந்தா ஆளையே கொன்னுரும்னு மயக்க டாக்டர் எங்க எல்லாருக்கும் சொல்லியிருக்காவ. அது தெரிஞ்ச ஆளுதான் இதச் செய்யுதாவ. எங்க மாமா ரெக்சன். அம்மாவோட தம்பி. அப்பாவும் அவியளும் பேசிக்கிடுததே இல்ல. ஆனா ரெண்டு நாளும் விடிஞ்சதும் ரூமுக்குள்ள போயிட்டு வந்தது அவிய மட்டுந்தான். நான் வாசல்லயே உக்காந்திருந்தேன்."

"மூணாவது தேதி எப்ப?" என்றார் அக்கா.

"நாளைக்குக் காலைல."

அக்கா எழுந்தார். நான் பைக் சாவியைத் தேடினேன். வாழை இலை என் மடியில் வந்தது, கொலை ஆயுதத்தைப் பத்திரமாகக் கொண்டுவருவது உதவியாளரின் கடமை என்பதால்.

மருத்துவமனை வராந்தாவில் செல்வலட்சுமி டாக்டரைப் பிடித்தோம். மயக்க மருந்து கொடுப்பவர் அவர்தான். சிடுசிடு என்று இருப்பார் என்று நினைத்தேன். சிடுசிடுக்கவும் நேரமில்லாதவராக இருந்தார்.

"வயித்துல சாப்பாடு இருந்தா என்ன டாக்டர்?" என்று கேட்டேன். "எனக்கெல்லாம் இல்லன்னாத்தான் மயக்கம் வரும்."

"நீங்க சும்மா தூங்கும்போது தொண்டையில ஒரு காவல் இருக்கு. மூச்சுக்குழாய்ப் பக்கம் எது போனாலும் இருமித் தள்ளிரும். முழு மயக்கத்துல அந்தக் காவலும் சேர்ந்து தூங்கிரும். வயித்துல கிடக்கிறது மேல ஏறி, நுரையீரலுக்குள்ள இறங்கிரும். சால்னாவோட சேர்த்து."

இன்று மாலை சாப்பிடலாம் என்று நினைத்திருந்த பரோட்டாவை நான் மனதுக்குள் ரத்து செய்தேன்.

"அவர் சாப்பிட்டத ரெண்டு தடவையும் எப்படிக் கண்டுபிடிச்சிய?" என்றார் அக்கா.

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? முதல் தடவை கட்டிலுக்குப் பக்கத்துல டீ கிளாஸ், ஆடை கூடக் காயல. ரெண்டாவது தடவை தலையணைக்கு அடியில இந்த இலை, பாதி வெளிய நீட்டிக்கிட்டு. கதவைத் திறந்ததுமே கண்ணுல பட்டுது."

"மயக்கத்தப் பத்தி அவருக்கு விவரமாச் சொன்னீங்களா?"

"எல்லாம் சொன்னேன். தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, எவ்வளவு நேரம் ஆகும்னு. ஒரு மணி நேரம், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும்னேன். 'மேலயும் ஆகுமோ'ன்னு திருப்பிக் கேட்டாரு. அதோட சரி."

டாக்டர் போய்விட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ராஜா, நீ ஒருத்தனக் கொல்லணும்னு பரோட்டா ஊட்டுத. ஊட்டி முடிச்சுட்டு என்ன செய்வ?"

"கைய கழுவுவேன்."

"எலைய?"

"எடுத்துட்டுப் போயிருவேன். இல்லன்னா டாக்டர் கண்ணுல பட்டு, ஆபரேஷன் நின்னு, ஆள் பொழச்..." அங்கே நிறுத்திக்கொண்டேன். என் வாய் சில நேரம் என் மூளையை முந்திவிடும்.

"நம்ம கொலகாரன் ரெண்டு தடவையும் மறக்காம தடயத்த விட்டுட்டுப் போயிருக்கான். அதுவும் கதவுக்கு நேரா. அவனுக்கு ஆள் சாகணும்னு ஆசையில்ல. ஆபரேஷன் நிக்கணும், அம்புட்டுதான்."

"அப்போ கொலை இல்லையா?" எனக்கு லேசாக வருத்தமாகக்கூட இருந்தது.

"ரெக்சனப் பாத்துட்டு வருவோம்."

திரேஸ்புரம் கரையில் ரெக்சன் ஒரு நீண்ட ரப்பர் குழாயின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் கதவு அகலம். புஜத்தில் நங்கூரம் பச்சை குத்தியிருந்தது. கொலையாளி என்று எழுதி ஒட்டாத குறை. நான் மரியாதையாக அக்காவின் பின்னால் நின்றுகொண்டேன். பெண்களுக்கு முதலிடம் தர வேண்டும் என்பது என் கொள்கை.

"டெரன்ஸுக்கும் உமக்கும் என்ன சண்ட?" அக்கா சுற்றி வளைப்பதே இல்லை.

அவர் குழாயைக் கீழே போட்டார். "அத்தானுக்கு ஹோஸ் பிடிக்கிறது நாந்தான். கீழ சங்கு எடுக்கிறவருக்கு மேல வள்ளத்துல இருக்க கம்ப்ரசர்லருந்து இந்த ஹோஸ் வழியாத்தான் காத்து. இதப் பிடிக்கிறவன் பொண்டாட்டிகூடப் பொறந்தவனா இருக்கணும். எங்க வழக்கம் அது. சொந்த அக்காவத் தாலியறுக்க எவனுக்கு மனசு வரும்?"

இதைவிடக் கெட்டியான காப்பீட்டுத் திட்டத்தை எந்தக் கம்பெனியும் போட்டதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"பெறவு?"

"ஒரு நாள் போன்ல ஏதோ வந்துச்சு. பாத்தேன். கம்ப்ரசர் பெல்ட்டு கழண்டது எனக்குத் தெரியல. அத்தான் கீழருந்து ஹோஸ இழுத்துருக்காரு. மறுபடியும் இழுத்துருக்காரு. நான் எவனோ டான்ஸ் ஆடுததப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தேங்க்கா." கீழே கிடந்த குழாயைப் பார்த்தார். "கண்ணெல்லாம் ரத்தமா மேல வந்தாரு. அன்னைலருந்து எம்மூஞ்சில முழிக்கல."

எனக்கு அந்த ஆள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனிதனின் மூச்சைக் கையில் வைத்துக்கொண்டு போன் பார்ப்பானா? அந்த நேரம் என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை உள்ளே வைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போனீரு?"

"சும்மா நிப்பேன். என்ன பேசன்னு தெரியல. அவரு செவத்தப் பாத்துத் திரும்பிக்கிடுவாரு. வந்துருவேன்."

"திங்க ஏதும் கொண்டு போனீரா?"

ரெக்சன் எழுந்து நின்றார். நான் இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன். "ஆபரேஷனுக்குப் போற மனுசனுக்கா? என்ன பேச்சு பேசுதிய? வயித்துல கனத்தோட கடல்ல எறங்கக்கூடாதுன்னு என்னய அடிச்சுப் பழக்குனவரே அவருதான். சங்கு குளிக்கப் போற அன்னைக்கு ஒரு வாய் கஞ்சி குடிக்க மாட்டாரு. அவரு வாய்ல போயி எவனாவது பரோட்டா ஊட்ட முடியுமா? கையக் கடிச்சுருவாரு."

அக்கா சிரித்தார். அவர் சிரித்தால் நான் பைக்கைக் கிளப்ப வேண்டும் என்று அர்த்தம்.

திரும்பும் வழியில் ஒரு பரோட்டாக் கடை. பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. கல் ஆறிக் கிடந்தது, அதன் அடியில் ஒரு பூனை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"கடைய எப்பத் தொறப்பான் ராஜா?"

"சாயங்காலம்தான். இந்த ஊர்ல எந்தக் கடையிலயும் அப்படித்தான். இதுகூடத் தெரியாமலா நாசரேத்துல..."

"காலைல ஆஸ்பத்திரிக்குப் போன ரெக்சன் பொரிச்ச பரோட்டாவ எங்கன வாங்கியிருப்பான்?"

பிரேக்கை அழுத்தியதில் அக்கா என் முதுகில் மோதினார். திட்டினார். எனக்கு உறைக்கவில்லை. பரோட்டா முந்தின நாள் சாயங்காலமே அந்த அறைக்குள் வந்திருக்கிறது. காலையில் எட்டிப் பார்த்த ரெக்சனுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

மருத்துவமனை வாசலில் அனிஷா காத்திருந்தாள்.

"ஏளா, போன தடவ ஆபரேஷனுக்கு முந்துன நாள் சாயங்காலம் பரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்தது யாரு?" என்றார் அக்கா.

"நாந்தான். எனக்கு ராத்திரிக்கு. ரெண்டு செட் வாங்குனேன். ஒண்ணு மிஞ்சுச்சு, அதக் குப்பையில..." பாதியில் அவள் முகம் வெளுத்தது. "போட்டேனான்னு ஞாபகம் இல்லையேக்கா. அப்போ நானா?"

கேஸ் கொடுத்த கட்சியே கொலை ஆயுதத்தைச் சப்ளை செய்த கேஸ் எங்கள் நிலையத்துக்கு இதுதான் முதல். அடுத்து என்ன, என்னையே கைது செய்யச் சொல்வார்களா என்று யோசித்துக்கொண்டே அவர்களோடு உள்ளே போனேன்.

டெரன்ஸ் கட்டிலில் சாய்ந்திருந்தார். நரைத்த தலை, மஞ்சள் பாய்ந்த கண், இரண்டு ஆளுக்கான நெஞ்சு.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணாச்சி, ஆளப் பிடிச்சாச்சு. ரெக்சன் ஒத்துக்கிட்டான். ரெண்டு தடவையும் ஒங்களுக்குத் திங்கக் குடுத்தது அவந்தானாம். போலீஸ் ஜீப்பு திரேஸ்புரத்துக்குப் போயிருக்கு."

சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற முகம். இந்த முகத்தை வைத்துக்கொண்டு அக்கா சொல்லும் பொய்யை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

டெரன்ஸ் துள்ளி எழுந்து உட்கார்ந்தார். "எவன் சொன்னான்? அவன் எனக்கு ஒண்ணும் தரல! கிறுக்குப் பய, செய்யாதத எதுக்கு ஒத்துக்கிட்டான்?"

"பின்ன யாரு தந்தா?"

அனிஷா அப்பாவையே பார்த்தாள். அவர் போர்வையின் ஓரத்தைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார்.

"யாரும் தரல. நானா எடுத்துத் தின்னேன். மொத தடவ சன்னல் பக்கம் வந்த டீக்காரன்ட்ட வாங்கிக் குடிச்சேன். ரெண்டாவது தடவ இவ வச்சிருந்த பரோட்டா."

"அப்பா!"

"அழாத ளா." அவர் எங்களைப் பார்க்காமல் பேசினார். "மயக்க மருந்துன்னா சிலிண்டர் மாதிரிதான? அளந்து ஏத்தி ஆள உள்ள எறக்கிருவாவ. ஒரு மணி நேரத்துக்கு ஏத்திட்டு, வேல அதுக்கு மேல இழுத்தா? அடியில கெடக்கும்போது காத்து நின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஊசியப் போட்டுட்டு மயக்க டாக்டர் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போயிருவாவன்னு பக்கத்து ரூம்காரன் சொன்னான். அப்போ எனக்கு மேல யாரு இருக்கா? சொந்த மச்சினனே போனப் பாத்துக்கிட்டு இருந்தான். முன்னப்பின்ன தெரியாதவியளுக்கு என்ன தலையெழுத்து?"

"ஆபரேஷன் வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?" என்றேன்.

"சொன்னா டெரன்ஸ் பயந்துட்டான்னு தெருவே சிரிக்கும். தின்னுட்டா டாக்டரே திருப்பி அனுப்பிருவாவ. அதான் எல கண்ணுல படட்டும்னு வச்சேன்."

மானத்தைக் காப்பாற்றப் பித்தப்பையைப் பணயம் வைத்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். கேலி செய்ய நல்ல வாய்ப்பு. ஆனால் கடலிலிருந்து ரத்தமாக மேலே வந்த அந்தக் கண்ணும், இரண்டு தடவை இழுத்தும் யாரும் கவனிக்காத அந்தக் குழாயும் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டேன். அக்கா கூட ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்.

அனிஷா ஓடிப்போய் செல்வலட்சுமி டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்தார்.

"நான் சொல்லும்போதெல்லாம் தலைய ஆட்டுனீங்களே அண்ணாச்சி?"

"டாக்டர் பேசும்போது தலைய ஆட்டாம வேற என்னத்த ஆட்ட?"

"சரி. இப்பக் கேளுங்க. எனக்கு அவசரம் இல்ல."

அவர் போர்வையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "மருந்து பாதியில தீந்துட்டா?"

"முதல் ஊசி தூங்க வைக்கிறதுக்கு மட்டும். அப்புறம் மருந்து போய்க்கிட்டே இருக்கும். எவ்வளவு நேரம் ஆனாலும் விடுவேன். வேலை முடிஞ்சதும் நிறுத்துவேன், நீங்க முழிப்பீங்க. சிலிண்டர் இல்ல அண்ணாச்சி, கம்ப்ரசர்."

"மூச்சு?"

"நீங்க தூங்குனப்புறம் தொண்டை வழியா ஒரு குழாய் வைப்போம். மெஷின் மூச்சுக் குடுக்கும். விரல்ல ஒரு கிளிப் இருக்கும், ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா உடனே காட்டிக்குடுத்துரும். நீங்க விடுற ஒவ்வொரு மூச்சும் திரையில ஏறி இறங்குறது எனக்குத் தெரியும். முழிச்சதும் தொண்டை கரகரன்னு இருக்கும், குமட்டலாம். ஆபத்தே கிடையாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ரொம்பக் குறைவு. வெறும் வயித்தோட வந்தீங்கன்னா இன்னும் குறைவு. கடல்ல இறங்குற மாதிரியே வாங்க."

"நீங்க எங்கன இருப்பிய?"

"உங்க தலைமாட்டுல. நீங்க கண்ணத் திறந்து உங்க பேரைச் சொல்ற வரைக்கும் அங்கேயேதான்."

டெரன்ஸ் டாக்டரின் கையைப் பார்த்தார். அதில் ஒரு போன் இருந்தது. "அது?"

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப் போனது. "அதுக்கு நாளைக்குக் காலைல பதில் சொல்றேன்," என்று எழுந்து போனார்.

"அந்த ஜீப்பத் திரும்பச் சொல்லுங்க," என்றார் டெரன்ஸ் அக்காவிடம்.

"எந்த ஜீப்பு?" என்றார் அக்கா.

மறுநாள் விடிவதற்குள் என்னை அறை வாசலில் காவலுக்குப் போட்டுவிட்டார் அக்கா. டீக்காரனைத் திருப்பி அனுப்பினேன். அனிஷாவின் பிஸ்கட்டைப் பறிமுதல் செய்தேன். நான் கொண்டுவந்த இட்லியை அக்கா பறிமுதல் செய்தார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானாம்.

டெரன்ஸைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ரெக்சன் நின்றிருந்தார். அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிறவர் போலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டெரன்ஸ் முகத்தைத் திருப்பினார். வராந்தாவிலும் சுவர் இருந்தது.

உள்ளேயிருந்து செல்வலட்சுமி டாக்டர் வந்தார். தன் போனை எடுத்து ரெக்சனின் கையில் வைத்தார்.

"நான் வெளிய வர்ற வரைக்கும் இத நீங்க பிடிச்சுக்கோங்க. அவசரம்னா உள்ள லேண்ட்லைன் இருக்கு."

டெரன்ஸ் அதைப் பார்த்தார். கதவு மூடிக்கொண்டது.

போன் உடனே அடித்தது. முருகன் பாட்டு. கழுத்தில் சிலுவை தொங்க, ரெக்சன் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நர்ஸ் முறைத்தார்.

"யாருன்னாவது பாருங்க அண்ணாச்சி," என்றேன்.

அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. துடைக்கக்கூடக் கை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் என்றது அதற்கு மேலும் இழுத்தது. அனிஷா எழுந்து போய்த் தன் மாமாவின் பக்கத்தில் நின்றாள். அவளும் கதவைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு நக்கலும் தோன்றாமல்.

கதவு திறந்தது. தள்ளுவண்டியின் தலைமாட்டில் டாக்டர் நடந்து வந்தார். டெரன்ஸின் கண் பாதி திறந்திருந்தது.

"பேரைச் சொல்லிட்டாரு," என்றார் டாக்டர். "அதுவும் ரெண்டு தடவை."

அனிஷா அழுதாள். முருகன் பாட்டு மறுபடி ஆரம்பித்தது. டெரன்ஸின் கண் சத்தம் வந்த பக்கம் மெல்லத் திரும்பி, ரெக்சனின் கைகளில் போய் நின்றது.

"எம்புட்டு நேரமா அடிக்கி?" தொண்டை கரகரத்தது.

"நீங்க உள்ள போனதுலருந்துப்பா," என்றாள் அனிஷா. "மாமா ஒரு தடவகூட அதப் பாக்கல."

டெரன்ஸ் ரெக்சனின் முகத்தையே பார்த்தார். இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

"எடுல ரெக்சா," என்றார். "பாவம், யாரோ ரொம்ப நேரமாக் கூப்பிடுதாவ."